பாசம் பிடிக்காத படித்துறை

நீராழிமங்கலத்தில் பாசிக்குப் பாசம் என்றுதான் பெயர். கிணற்று உறையில் படர்ந்தாலும் பாசம், தண்ணீர்த் தொட்டியின் அடியில் திட்டுத்திட்டாய்க் கிடந்தாலும் பாசம், பெற்ற பிள்ளை தூங்குவதைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் கசிவதும் பாசம். எந்தப் பாசத்தைச் சொல்கிறாய் என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்டதில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள மனிதர்களுக்குத் தெரியும்; கல்லுக்குத் தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது.

பால் சொசைட்டியில் பால் அளக்கும் தையல்நாயகியின் மூத்த மகள் பூங்கோதை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கால் கழுவக் கோயில் குளத்தில் இறங்கி, பாசம் வழுக்கி, பின்மண்டை படி விளிம்பில் பட்டு, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டாள். ஆள் வந்து சொன்னபோது தையல்நாயகி கையிலிருந்த பால் குவளையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் குளம் வரைக்கும் ஓடினாள். அடுத்து கிராமசபை கூடியபோது எழுந்து நின்று பேசினாள்.

"எம்புள்ளைய அந்தப் பாசந்தான் கொண்டு போச்சு. இனிமே அந்தக் கல்லுல பாசமே இருக்கக் கூடாது. ஒரு பொட்டுப் பாசங்கூட புடிக்கக் கூடாது. அதுக்கு என்ன உண்டோ செய்ங்க."

ஊர் தலை குனிந்து கேட்டுக்கொண்டது. ஊராட்சித் தலைவர் திலகவதி அங்கே இங்கே அலைந்து, பழைய கற்களுக்கு வைத்தியம் பார்க்கிற வசுந்தரா என்ற பெண்ணைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். வசுந்தரா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு படி படியாக இறங்கிப் பார்த்தார். வெயிலும் மழையும் மட்டும் கல்லைத் தின்பதில்லை, பாசியும் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் அதன்மேல் குடியிருந்துகொண்டு அமிலம் கக்குகின்றன, கீறலுக்குள் இழை விட்டு உள்ளிருந்தே பிளக்கின்றன என்று விளக்கினார். வெள்ளியையும் துத்தநாகத்தையும் தூசியினும் தூசியாக்கிக் கலந்த ஒரு நீரைத் தெளித்தால், தொடுகிற கிருமி அங்கேயே செத்துவிடும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பெயர் நானோ பூச்சு. 'நீயோ நானோ' என்று ஊர் இளவட்டங்கள் கேலி பேசினார்கள். அந்தக் கேலி எவ்வளவு தூரம் பலிக்கும் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது.

படிகளைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிற அந்த நீரைத் தெளித்துவிட்டு, "இனி இந்தக் கல்லில் பாசி பிடிக்காது என்று ஒரு போர்டு வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வசுந்தரா ஊருக்குப் போனார். போர்டு எழுதுகிற சிங்காரவேலு நீராழிமங்கலத்துக்காரன். அவன் கைக்குப் பாசி வராது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், தடிமனாக, 'இனி இந்தக் கல்லில் பாசம் பிடிக்காது' என்று எழுதி, கீழே இப்படிக்கு ஊராட்சி மன்றம் என்றும் போட்டு, படித்துறையின் தலைமாட்டில் நட்டுவைத்தான். தையல்நாயகி சபையில் சொன்னதைப் பலகையும் சொன்னது. இரண்டு முறை கேட்ட பிறகு கல் அப்படியே செய்யத் தொடங்கியது.

முதலில் இறங்கியவள் கைக்குழந்தைக்காரி கோமளம். இடுப்பில் குழந்தையோடு போய்க் குளித்துவிட்டு ஏறி வந்தவள், எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "கொஞ்சம் இதைப் புடிச்சுக்குங்க, கை வலிக்குது" என்று கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள், சாப்பிட்டாள், துணி காயப்போட்டாள். பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பெண் அழுகிற குழந்தையைக் கொண்டுவந்து நீட்டியபோது, "ரொம்ப நன்றிங்க" என்று வாங்கிக்கொண்டு, நேரம் பார்த்துப் பால் கொடுத்தாள். குழந்தைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதன் முகத்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை.

அப்புறம் குளிக்கப் போனவர்கள், துவைக்கப் போனவர்கள், பிரதோஷத்துக்குக் கால் நனைத்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அப்படி ஆனார்கள். யாருக்கும் எதுவும் மறக்கவில்லை. யார் மகன், யார் தங்கை, யாருக்கு யார் தாலி கட்டினார்கள் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். பாசம் மட்டும் வெறுங்காலின் வழியாக இறங்கி அந்தக் கல்லில் செத்துப்போயிருந்தது. ஊர் இதற்காக அலறவுமில்லை, பரிகாரம் தேடி ஓடவுமில்லை. மின்சாரக் கட்டணம் கட்டுகிற இடம் மாறிவிட்டது என்றால் எப்படி நாலு நாளில் பழகிக்கொள்வார்களோ அப்படிப் பழகிக்கொண்டார்கள்.

பழகிக்கொண்டது மட்டுமல்ல, அதில் இருக்கிற சௌகரியத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைமுறையாய் இழுத்துக்கொண்டிருந்த பாகப்பிரிவினைகள், அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு முங்கு முங்கிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் முடிந்தன. வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளைப் படித்துறைக்கு அழைத்துப்போய் நிற்கவைத்த பிறகே விமானம் ஏற்றினார்கள். புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிற பெண்கள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல், மறந்துபோன சார்ஜரை ஞாபகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்கள். சாவு வீடுகளில் ஒப்பாரி நின்றுபோய், வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிந்தது. காதல் தோற்றவர்களும் கைம்பெண்களும் ஓடிப்போன மகனை மறக்க முடியாத தகப்பன்களும் வெளியூர்களிலிருந்து பஸ் பிடித்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஏறி வரும்போது அவர்கள் முகம் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

நாய்களும் இறங்கித் தண்ணீர் குடித்தன. குடித்துவிட்டு வந்து எஜமானைப் பார்த்து வாலை ஆட்டாமல் நின்றன. மாடுகளில்தான் கணக்கு இடித்தது. குளிப்பாட்டிக் கொண்டுவந்த மாடு கன்றை நக்கவில்லை. கன்று முட்டினாலும் சுரக்கவில்லை. சொசைட்டிக்கு வருகிற பால் நாளுக்கு நாள் குறைந்ததைப் பார்த்துத்தான் தையல்நாயகி முதன்முதலாக வீடு வீடாகப் போய்த் தொழுவங்களை எட்டிப் பார்த்தாள். மகள் போன நாளிலிருந்து அவள் குளத்துப் பக்கம் காலே வைத்ததில்லை. அதனால் ஊரில் நடக்கிறதெல்லாம் அவளுக்கு மட்டும் புதிதாகவே இருந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. நீராழிமங்கலத்தில் 'நீ' என்ற சொல் இல்லாமல் போனது. வாடா போடா போயிற்று, ஏண்டி போயிற்று, சனியனே மூதேவி எல்லாம் போயிற்று. தாய் பிள்ளையை வாங்க என்றாள், பிள்ளை தாயைப் போங்க என்றது. மனைவிகள் புருஷன்மார்களை ஏற்கெனவே நீங்க என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் அந்தப் பக்கம் வித்தியாசம் தெரியவில்லை. தெருவில் சண்டை இல்லை. குழாயடியில் குடங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த மரியாதையைப் பார்த்து மெச்சிக்கொண்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

தையல்நாயகியின் புருஷன் மகாலிங்கம் மினி பஸ் ஓட்டுகிறவன். மகள் ஏறி இறங்கிய நிறுத்தம் வந்தால் அவனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிடும். அதனாலேயே வண்டியை விட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒருநாள் காலையில் துண்டை எடுத்துக்கொண்டு போனவன் தலை துவட்டிக்கொண்டே வந்து, இலை போடச் சொல்லி, வயிறாரச் சாப்பிட்டான்.

"கொழம்பு நல்லா இருக்கு. நன்றிங்க."

தையல்நாயகி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள். கட்டிய நாளிலிருந்து 'தையலு' என்றும் 'ஏ, ஒன்னத்தான்' என்றும் கூப்பிட்டவன். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிறான்?

"ஏங்க, கொளத்துக்குப் போனீங்களா?"

"போனேங்க. மனசு லேசா இருக்கு. பூங்கோதை செத்துப்போனது வருத்தமான விஷயந்தான். நீங்களும் ஒரு தடவ போய்ட்டு வந்துருங்க. எதுக்குக் கஷ்டப்பட்டுக்கிட்டு?"

பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்வது போல அவன் மகளின் சாவைச் சொன்னான். தையல்நாயகி அடுக்களைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

படித்துறையில் இடமில்லாத பாசம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அது அவள் வீட்டுக்கு வந்தது. முதலில் வாசற்படியில் பச்சையாய் ஒரு கோடு. பிறகு அவள் நடந்த தடத்திலெல்லாம் பாதம் பாதமாகப் பச்சை. பிறகு அவள் குதிகாலிலும் விரல் இடுக்கிலும் வழவழவென்று மெல்லிய பட்டுப் போல. தேய்த்துக் கழுவினாலும் மறுநாள் வந்துவிடும். அவள் சின்ன மகள் சாருமதி அதைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, ஒன் காலு தவளை மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள். தாய்க்கு மிச்சமிருந்த சிரிப்பு அது ஒன்றுதான். ராத்திரியானால் சாருமதி அக்காவை நினைத்துக்கொண்டு அம்மாவின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு விசும்புவாள், விசும்பியபடியே தூங்குவாள்.

தலைவர் திலகவதி ஒருநாள் பிளீச்சிங் பவுடரோடு வந்தார். குரலில் கோபம் இல்லை, அக்கறை இருந்தது. அக்கறைக்குள் ஒன்றும் இல்லை.

"ஒங்க வீட்டு வாசல்ல பாசம் ரொம்ப இருக்குங்க. அக்கம்பக்கத்துக்குப் பரவிரும்னு சொல்றாங்க. ஒரு தடவ படித்துறைக்கு வந்துட்டுப் போங்களேன். வலிக்காதுங்க."

"வலிக்காதுன்னு தெரியும்ங்க. அதான் வரல," என்றாள் தையல்நாயகி.

அவள் வரவில்லை என்றதும் மகாலிங்கம் நல்லவிதமாகவே யோசித்தான். பிள்ளை ராத்திரி அழுகிறது, தூக்கம் கெடுகிறது, படிப்பும் கெடும். பள்ளிக்கூடம் விட்டதும் சாருமதியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், படித்துறையில் நிற்கவைத்து, தண்ணீர் மொண்டு ஊற்றி, தலையைத் துவட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

சாருமதி வாசலில் செருப்பை ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, ஒங்களுக்கு ஏதாவது ஒத்தாச வேணுமா?"

தையல்நாயகிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் புருஷன் மேல் பாய்ந்து கையை ஓங்கினாள். அவன் நகரவில்லை. "அடிச்சா ஒங்களுக்கு ஆறுதலா இருக்கும்னா அடிங்க" என்று கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது. அன்றிரவு சாருமதி தனிப் பாயில் நேராகப் படுத்து உடனே தூங்கிவிட்டாள். தையல்நாயகி விடியும்வரை தன் புடவைத் தலைப்பைத் தானே கையில் சுற்றிக்கொண்டு கிடந்தாள். ஊரில் அத்தனை பேருக்கும் போனது போகட்டும் என்று பொறுத்திருந்தவளால் இதைப் பொறுக்க முடியவில்லை.

பூச்சு எப்படி நிற்கிறது என்று பார்க்க வசுந்தரா மறுபடி வந்தார். கல் நேற்றுச் செதுக்கியது போல இருந்தது. சந்தோஷமாகப் படம் எடுத்தவர், குழந்தைகள் விளையாடாமல் வரிசையாகப் போவதையும், குளத்துக்கு மேலே ஒரு குருவிகூட இல்லாததையும் பார்த்துவிட்டு, காமிராவைப் பைக்குள் போட்டார். தையல்நாயகி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை எப்படிம்மா எடுக்கிறது?"

"எடுக்க முடியாதுங்க. கல்லோட சேர்ந்துடுச்சு," என்றார் வசுந்தரா. அவர் பூட்ஸ் போட்டிருந்ததால் அவருக்கு இன்னும் இரக்கம் இருந்தது. "ஆனா இது தன்னைத் தொடுறதை மட்டுந்தான் கொல்லும். மேல ஒரு படலமா எதாவது படிஞ்சு, தாக்குப் பிடிச்சு நின்னுட்டா, அதுக்கு மேல வர்றதை இதால ஒண்ணும் செய்ய முடியாது. முதல்ல படியுறது சாகும். செத்தது மேலதான் அடுத்தது வளரும். ஒரே ஒரு இடத்துல நின்னுட்டா போதும், பரவிடும்."

தையல்நாயகி வாசல் பாசத்தைச் சுரண்டி எடுத்துப்போய்க் கரையில் நின்று வீசிப் பார்த்தாள். அது படியில் பட்டதும் சாம்பலாகி வழிந்து போயிற்று. செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கிச் சேற்றோடு அப்பிப் பார்த்தாள். அதுவும் நிற்கவில்லை. உயிரோடு ஒட்டியிருந்தது அவள் பாதத்தில்தான். பாதத்தோடு போனால்தான் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு சில நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. பயமாக இருந்தது. பூங்கோதை இப்போது அவளிடம் மட்டும்தான் இருக்கிறாள். ஊரில் வேறு ஒரு நெஞ்சிலும் அந்தப் பிள்ளைக்கு இடம் இல்லை. சின்னவளுக்குப் பாசத்தைத் திருப்பித் தர வேண்டுமென்றால் பெரியவளை இரண்டாம் தடவை அதே படியில் விட வேண்டும். விட்ட பிறகு சின்னவளும் தனக்கு இருக்க மாட்டாள். இதையெல்லாம் விட ஒன்று: பாசம் திரும்பி வந்தால் படி வழுக்கும், இன்னொருத்தி பிள்ளை விழும். யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் எல்லோரும் மரியாதையாகப் பதில் சொல்வார்கள்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவள் கடையில் தேங்காய்நார்க் கயிறு வாங்கினாள். படித்துறையின் இருபக்கத் தூண்களிலும் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இழுத்துக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாருமதி எவ்வளவு உயரம் என்று தன் இடுப்பில் கை வைத்து அளந்து, ஒரு முழம் தாழ்த்தித் திரும்பக் கட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பூங்கோதை விழுந்த படியில் போய் நின்றாள்.

குடை பிடித்துக்கொண்டு ஊர் வந்து பார்த்தது. "நல்ல முடிவுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

கல் குளிர்ந்திருந்தது. குளிர் உள்ளங்காலில் ஏறியது, அவளிடமிருந்து ஏதோ இறங்கியது. பூங்கோதையின் தலையில் தேய்த்த எண்ணெய் வாசனை முதலில் போயிற்று. எண்ணெய் தேய்த்தது ஞாபகம் இருந்தது. காய்ச்சலில் அனத்திய பிள்ளையை விடிய விடிய மடியில் போட்டிருந்த ராத்திரி போயிற்று. காய்ச்சல் வந்த தேதி ஞாபகம் இருந்தது. கணுக்காலுக்குக் கீழே பச்சை கருகிச் சாம்பலாவதையும், சாம்பல் மேல் மறுபடி பச்சை ஊறுவதையும், அதுவும் கருகுவதையும் அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவளிடம் அவ்வளவு இருந்தது. மழை விடவில்லை, அவளும் நகரவில்லை. கடைசியாக 'எம்புள்ள' என்று ஒரு தடவை சொன்னாள். அந்தச் சொல் வாயை விட்டுப் போனபோது, அவள் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு கருகாமல் நின்றது.

அது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போயிற்று. கார்த்திகை பிறப்பதற்குள் படித்துறை முழுக்கப் பச்சை. குளத்துக்குப் போய்விட்டு வந்த கோமளம் குழந்தையை வாரி எடுத்து, அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்ப்பவள் போலப் பார்த்துக் கதறினாள். பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் வரப்பில் கட்டிப் புரண்டார்கள், பிறகு கட்டிக்கொண்டு அழுதார்கள். மாடுகள் கன்றை நக்கின. அழாமல் அனுப்பிவிட்ட சாவுகளுக்கெல்லாம் சேர்த்துத் தெருத்தெருவாக ஒப்பாரி எழுந்தது. மறுபடி பஸ் ஓட்டப் போயிருந்த மகாலிங்கம் மகளின் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து முட்டிக்கொண்டான். பயணிகள் ஒருவரும் இறங்காமல் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். குழாயடியில் வாடி, போடி, நாசமாப் போறவளே என்று சத்தம் கேட்டபோது ஊருக்கு மூச்சு வந்தது.

தையல்நாயகிக்கு மட்டும் வரவில்லை. இருந்ததை முழுக்கக் கல்லுக்குக் கொடுத்துவிட்டதால் அவள் பாதம் கழுவிவிட்ட தட்டுப் போலச் சுத்தமாக இருந்தது. சரியான நேரத்துக்குச் சமைத்தாள், சொசைட்டிக்குப் போனாள், பால் பெருகியிருப்பதைச் சொன்னாள். காலில் விழுந்து அழுத புருஷனிடம், "எந்திரிங்க, தரை ஈரமா இருக்கு" என்றாள். ஊர்ப் பெண்கள் அவளைப் படித்துறைக்கு அழைத்துப்போய் நிற்கவைத்தார்கள். எல்லோருக்கும் பிடித்த பாசம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டு அவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அக்காவை நினைத்து மறுபடி விசும்பத் தொடங்கியிருந்த சாருமதிதான் விடவில்லை.

தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அவள் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவருகிறாள். கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நிழல் விழுகிற படியாகப் பார்த்து அம்மாவை நிற்கவைத்து, சொம்பில் மொண்டு மொண்டு அவள் பாதத்தில் ஊற்றுகிறாள். பாசம் பிடிக்க ஈரமும் நிழலும் வேண்டும், அதோடு நாளும் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஊற்றிவிட்டுக் குனிந்து விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்க்கிறாள்.

"கல்லுக்கே புடிச்சிருக்கு. ஒனக்குப் புடிக்காதா," என்கிறாள். "நீ கால மட்டும் எடுக்காதம்மா."

"சரிங்க," என்கிறாள் தையல்நாயகி.